ஒரு குறையும் வைக்கவில்லை

பிள்ளைக்காக நம் ஊர்ப் பெற்றோர் படும் பாட்டைக் குறைத்துப் பேசுகிறவர்கள், அந்தப் பாட்டைக் கிட்ட நின்று பார்க்காதவர்களாகத்தான் இருக்கவேண்டும். மகள் பத்தாவது முடிக்கும் முன்பே அம்மாவின் கம்மலும் சங்கிலியும் அடகுக்கடைக்குப் போய்விடுகின்றன. அப்பா லாரி ஓட்டுகிறவராக இருந்தால் வடக்கே ஒரு நடை கூடுதலாகப் போய்வருகிறார். தறி ஓட்டுகிறவராக இருந்தால் ராத்திரி ஷிப்டும் சேர்த்துப் பார்க்கிறார். தீபாவளிக்குத் தனக்கென ஒரு சட்டை எடுத்துப் பல வருஷமான தகப்பன்மார்களை எல்லாத் தெருவிலும் பார்க்கலாம். இதற்கெல்லாம் அவர்கள் எவரிடமும் பாராட்டு எதிர்பார்ப்பதில்லை. பிள்ளை எப்போதாவது "எனக்கு முடியலப்பா" என்று சொன்னால், ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறார்கள்: "உனக்கு என்ன குறை வெச்சோம்?"

அந்தக் கேள்வியில் பொய் இல்லை. வைக்காத குறைகளைத்தான் இங்கே ஒவ்வொன்றாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் பள்ளிக்கூடம். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து மக்களின் உழைப்பு நாடறிந்தது. அவர்களின் ஆழ்துளைக் கிணறு வண்டிகள் இந்தியா முழுக்கப் போய்த் தண்ணீர் எடுத்துக் கொடுக்கின்றன. அதே உழைப்போடு அவர்கள் கட்டியெழுப்பிய விடுதிப் பள்ளிகளுக்கு ராமநாதபுரத்திலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் பெற்றோர் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று அந்த முறை அந்த வட்டாரத்தோடு நிற்கவில்லை. எல்லா மாவட்டத்திலும் அதைப் பார்த்துச் செய்த பள்ளிகள் உண்டு. விடியும் முன்பே மணி அடிக்கிறது. குளியல், ஸ்டடி, பிரேயர், வகுப்பு, ஸ்லிப் டெஸ்ட், மறுபடி ஸ்டடி, ராத்திரி சாப்பாடு, மறுபடியும் ஸ்டடி. வாரத்துக்கொரு டெஸ்ட், மாதத்துக்கொரு சைக்கிள் டெஸ்ட், அப்புறம் ரிவிஷன் ஒன்று, இரண்டு, மூன்று. புக் பேக் கேள்வியில் ஒரு ஒன் வேர்டைத் தப்பாக எழுதினால் அதைப் பத்து முறை எழுதிக் காட்ட வேண்டும். காலையில் எழுதிய டெஸ்டின் மதிப்பெண், இரவுச் சாப்பாட்டுக்கு முன் அப்பாவின் போனுக்கு வந்துவிடுகிறது. ஒரு நாளின் ஒரு நிமிடத்தைக்கூடக் கைநழுவ விடாத இந்த ஒழுங்கைச் செய்து காட்ட எத்தனை பேருடைய உழைப்பு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். பதினாறு வயதுப் பையன் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்த்து எதையாவது நினைத்துக்கொண்டிருக்க ஒரு கால் மணி நேரம்கூட அவர்கள் மிச்சம் வைக்கவில்லை.

இந்தப் பள்ளிகளைப் பிராய்லர் பண்ணை என்று கேலி செய்கிறார்கள். அந்தக் கேலியில் எனக்கு உடன்பாடில்லை. அது பள்ளிக்குச் செய்யும் அநியாயமோ இல்லையோ, கோழி வளர்க்கிறவருக்குச் செய்யும் அநியாயம். காலையில் கொட்டகைக்குள் நுழைந்ததும் அவர் முதலில் பார்ப்பது தீனி எடுக்காமல் ஒதுங்கி நிற்கும் கோழியைத்தான். ஆயிரம் கோழிகளுக்கு நடுவிலும் அது அவர் கண்ணில் பட்டுவிடும். அன்றைக்கே தனியாக எடுத்து வைத்து என்ன என்று பார்ப்பார். சாப்பாட்டு வரிசையில் மூன்று நாளாகத் தட்டை அப்படியே கொண்டுபோய்க் கொட்டும் பையன் ஒருவன் இருந்தால், நாம் கட்டிய அத்தனை ஒழுங்கிலும் அதைக் குறித்துவைக்க ஒரு ஏடு இல்லை. ஸ்லிப் டெஸ்டில் அவன் இருபதுக்குப் பதினெட்டு வாங்கியிருந்தால், அந்தப் பதினெட்டு மட்டும் ஏட்டில் இருக்கும்.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. பல பள்ளிகள் ப்ளஸ் ஒன் பாடத்தை நடத்தாமல், இரண்டு வருஷமும் ப்ளஸ் டூ பாடத்தையே நடத்தி சென்டம் வாங்க வைத்தன. இதைத் தடுக்க 2017-18 கல்வியாண்டில் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வந்தது. நல்ல எண்ணம்தான். அதனால் பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று பதினைந்து வயதில் தொடங்கி அடுத்தடுத்து மூன்று வருஷம் பொதுத் தேர்வு எழுதும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. சுமை அதிகம் என்று மொத்த மதிப்பெண்ணை 1200-லிருந்து 600 ஆகக் குறைத்தார்கள். 2025-26-இல் ப்ளஸ் ஒன் பொதுத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் அறிஞர்கள் கூடிப் பேசி, ஆராய்ந்து, பிள்ளைகளின் நலனுக்காகத்தான் முடிவெடுத்தார்கள். அந்தக் கூட்டங்களில் எல்லாத் தரப்பினருக்கும் நாற்காலி இருந்தது. பரீட்சை எழுதுகிற வயதில் இருப்பவனுக்கு ஒரு நாற்காலி போட இடம் இருந்ததா என்பதுதான் என் சந்தேகம்.

மாநிலத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் சொல்லி அறிவிப்பதையும் அதே 2017-இல் அரசு நிறுத்தியது. தோற்றவன் மனம் நோகக்கூடாது என்பதற்காக. அரசு விட்ட இடத்தைச் சமூகம் வெறுமையாக விட்டுவிடவில்லை. தேர்வு முடிவு வந்த மறுநாள் காலையில் பேருந்து நிலையத்தில் புகைப்படங்களோடு ஃபிளெக்ஸ் நிற்கிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மதியத்துக்குள் எல்லார் பிள்ளைகளின் மதிப்பெண்ணும் பாடவாரியாக வந்துவிடுகிறது. மாமா, சித்தி, பக்கத்து வீட்டு அண்ணன், பால்காரர் என்று ஒருவர் விடாமல் போன் செய்து விசாரிக்கிறார்கள். யார் பிள்ளை எந்த வருஷம் எந்தப் பாடத்தில் போனது என்பதைக் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வரும்போதும் மறக்காமல் நினைவு வைத்திருக்கும் சொந்தங்கள் நமக்கு வாய்த்திருக்கிறார்கள். அதே பிள்ளை எந்த வருஷம் சிரிப்பதை நிறுத்தியது என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. அதுவரைக்கும் அவர்கள் விசாரித்ததே இல்லை.

படிப்புக்குத் தக்கபடி பிள்ளைகளைப் பிரித்து வைப்பதிலும் நம் பள்ளிகளுக்கு நல்ல தேர்ச்சி. ஏ செக்‌ஷன், பி செக்‌ஷன் என்று கதவில் எழுதியிருக்கும் எழுத்தைப் பார்த்தே உள்ளே இருப்பவர்களின் எதிர்காலத்தை ஊர் சொல்லிவிடும். கடைசி செக்‌ஷன் பையனுக்கு அவன் யார் என்பது முதல் நாளே சந்தேகமில்லாமல் தெரிந்துவிடுகிறது. அந்த வயதில் மற்ற நாட்டுப் பிள்ளைகள் தங்களைத் தேடிக் கொஞ்சம் அலைவார்களாம். அந்த அலைச்சலை அவனுக்கு நாம் மிச்சப்படுத்திக் கொடுத்துவிட்டோம். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், விசாகப்பட்டினத்தில் நீட் படித்துக்கொண்டிருந்த பதினேழு வயது மாணவி ஒருத்தியின் இறப்பு தொடர்பான வழக்கில், மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைத் தனித்தனிக் குழுவாகப் பிரிக்கக்கூடாது, எல்லார் முன்னிலையிலும் அவமானப்படுத்தக்கூடாது, நூறு மாணவரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனம் தகுதியுள்ள மனநல ஆலோசகர் ஒருவரையாவது வைத்திருக்கவேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் சொன்னது. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் எடுத்துச் சொல்லும்வரை பொறுமையாகக் காத்திருந்தோமே, அந்தப் பொறுமையும் சொல்லப்பட வேண்டியதுதான்.

ராஜஸ்தானில் கோட்டா என்று ஓர் ஊர். சம்பல் ஆற்றங்கரையில் இருக்கிறது. டாக்டராகவும் இன்ஜினீயராகவும் ஆக நாடெங்கிலுமிருந்து பிள்ளைகள் வந்து தங்கிப் படிக்கும் ஊர். 2023-இல் அங்கே அடுத்தடுத்துப் பிள்ளைகள் உயிரை விட்டபோது மாவட்ட நிர்வாகம் கைகட்டி நிற்கவில்லை. விடுதி அறைகளின் மின்விசிறிகளில் ஸ்பிரிங் பொருத்த உத்தரவிட்டது. மாடிகளுக்கும் பால்கனிகளுக்கும் வலை போட்டார்கள். இரண்டு மாதத்துக்கு டெஸ்ட் வைக்கவேண்டாம் என்றும் சொன்னார்கள். இதைக் கேலி செய்தவர்களோடு நான் சேரமாட்டேன். ஓர் உயிரைக் காக்கும் எந்த ஏற்பாடும் நல்ல ஏற்பாடுதான். அந்த ஒரு நிமிடத்தைத் தாண்டிவிட்டால் பிழைத்துவிடுகிறவர்கள் ஏராளம் என்பதை மனநல மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். கூரையைப் பார்த்தார்கள், ஜன்னலைப் பார்த்தார்கள், மாடிப்படியைப் பார்த்தார்கள். ஓர் அறையில் பார்ப்பதற்கு இருந்த எல்லாவற்றையும் சரிபார்த்துத் திருத்தினார்கள். கட்டிலில் உட்கார்ந்திருந்தவன் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறான் என்பது மட்டும் அந்த வேலை ஒப்பந்தத்தில் சேரவில்லை.

கணக்கெடுப்பிலும் நாம் சோடை போகவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைப்படி 2022-ஆம் ஆண்டில் தம்மை மாய்த்துக்கொண்ட மாணவர்கள் 13,044 பேர். நாளொன்றுக்கு முப்பத்தைந்து பேருக்கும் மேல். குடும்பப் பிரச்சினை, தேர்வில் தோல்வி, காதல் விவகாரம் என்று காரணங்களுக்குத் தனித்தனிக் கட்டங்கள் போட்டு அந்தப் புத்தகம் அச்சாகிறது. போன பிறகு காரணம் கேட்கத் தெரிந்த நாடு இது. எழுத்தில், அட்டவணை போட்டு, வருஷம் தவறாமல் கேட்கிறது.

இவற்றிலெல்லாம் என் மனதை மிகவும் தொடுவது விசிட்டிங் சண்டே. மாதத்தில் ஒரு ஞாயிறு. சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி, விடியற்காலையில் வந்து இறங்கி, பஸ் ஸ்டாண்டிலேயே முகம் கழுவிக்கொண்டு வரும் குடும்பங்கள். கையில் மூன்றடுக்கு டிபன் கேரியர். சிக்கன் பிரியாணி, முட்டை, தயிர்ப் பச்சடி. தனிப் பையில் முறுக்கு, அதிரசம், தேங்காய் எண்ணெய், புதுச் செருப்பு, தங்கை வரைந்து கொடுத்தனுப்பிய ஒரு படம். பள்ளி வளாகத்துப் புளியமரத்தடியில் ஜமுக்காளம் விரித்துப் பிள்ளையை நடுவில் உட்கார வைக்கிறார்கள். அம்மா பார்த்தவுடனேயே சொல்லிவிடுகிறாள்: "ஏங்கண்ணு, இப்படி இளைச்சுப் போயிட்டே!" மாதம் ஒருமுறை பார்க்கும் கண்ணுக்கு அது தெரிகிறது பாருங்கள், வேறெந்தக் கருவியாலும் அப்படி அளக்க முடியாது. பிள்ளை வாயைத் திறக்கிறது. அதற்குள் அம்மாவே காரணமும் சொல்லிவிடுகிறாள்: "ஹாஸ்டல் சாப்பாடு அப்படித்தான். அடுத்த தடவை பாதாம் பவுடர் கொண்டாறேன்." திறந்த வாயில் ஒரு கவளம் போகிறது. அன்போடு உருட்டிக் கொடுத்த கவளம். அதை வேண்டாம் என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கு மனசு வரும்? சோற்றை வைத்துக்கொண்டு பேசவும் முடியாது. விழுங்கி முடிப்பதற்குள் அடுத்தது தயாராக இருக்கிறது.

அப்பா அதற்குள் வகுப்பாசிரியரைப் பார்க்க வரிசையில் நிற்கப் போயிருக்கிறார். பிள்ளையைப் பார்க்கக் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் முக்கால் மணி நேரம் அந்த வரிசையில் போகிறது. திரும்பி வரும்போது கையில் ஒரு தாள். "கெமிஸ்ட்ரில போன மாசத்தவிட ஏழு மார்க் கம்மி. என்னாச்சு?" இந்த 'என்னாச்சு' மிக நல்ல கேள்வி. அந்தத் தாளைப் பார்க்காமல், பிள்ளையின் முகத்தைப் பார்த்து இதே கேள்வியைக் கேட்டிருந்தால், ஒரு வருஷமாகச் சேர்த்துவைத்த பதில் வந்திருக்கும். தாளைப் பார்த்துக் கேட்டதால், "அடுத்த டெஸ்ட்ல எடுத்துடறேன்ப்பா" என்று கெமிஸ்ட்ரி மட்டும் பதில் சொன்னது. அப்பா தோளைத் தட்டிக் கொடுக்கிறார். கேட்டுக்குப் போகும்போது அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். அவர்கள் திரும்பிப் போகிற பஸ்ஸில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது உண்மை: பிள்ளைக்காக வந்தோம், பார்த்தோம், வயிறு நிறைய ஊட்டினோம்.

ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் ஒழுக்கமாக வளரவேண்டும் என்பதில் இந்தப் பள்ளிகளும் பல கல்லூரிகளும் எடுத்துக்கொள்ளும் கவனத்தையும் சொல்லவேண்டும். தனி வரிசை, தனி கேன்டீன் நேரம், சில இடங்களில் தனித்தனிப் படிக்கட்டு. ஒருவரோடொருவர் பேசினால் வீட்டுக்குக் கடிதம். இப்படிப் படிப்பு முடியும்வரை பத்திரமாக வைத்திருந்து, ஒரு நாள் சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு வேலையில் இறக்கிவிடுகிறோம். தனக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது என்பதை எப்படிச் சொல்வது, அவர் வேண்டாம் என்று சொன்னால் அதை எப்படித் தாங்குவது, நண்பன் பேசாமல் விலகிப்போனால் என்ன செய்வது, அறையில் தனியாக இருக்கும் ராத்திரியை எப்படிக் கழிப்பது — இவற்றில் ஒன்றுகூட அவன் படித்த எந்தப் பாடத்திலும் வராது. தொகையிடலில் ஐந்து மதிப்பெண் கேள்வியை அவன் கண்ணை மூடிக்கொண்டு போடுவான். கேட்கப்படக்கூடிய எல்லாக் கேள்விக்கும் தயார் செய்து அனுப்பியிருக்கிறோம். வாழ்க்கை பாடத்திட்டத்துக்கு வெளியே கேட்டால் நாம் பொறுப்பில்லை.

"மனசுல எதுவும் வெச்சுக்காதே, வாய் திறந்து சொல்லு" என்று இப்போது எல்லாரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். நல்ல அறிவுரை. அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா இதைத்தான் செய்தார். மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். ப்ளஸ் டூவில் 1200-க்கு 1176. படித்த பாடத்தில் ஒன்றும், எழுதச் சொன்ன பரீட்சையில் இன்னொன்றுமாக 2017-இல் நீட் வந்தபோது அந்தப் பெண் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. உச்ச நீதிமன்ற வழக்கில் தன்னையும் சேர்த்துக்கொண்டார். பத்திரிகையாளர்கள் கேட்டபோது தெளிவாகப் பேசினார். ஒரு பதினேழு வயதுப் பெண் தன் நியாயத்தை எந்தெந்தக் கதவில் போய்த் தட்டவேண்டும் என்று நாம் சொல்வோமோ, அந்தக் கதவுகளிலெல்லாம் தட்டினார். அந்த ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி அவரை இழந்தோம். இன்று நூலகத்துக்கு அவர் பெயர், அரங்கத்துக்கு அவர் பெயர். அவரை யாரும் மறக்கவில்லை. ஆகவே, சொல்லச் சொல்லி அறிவுரை சொல்லும் நமக்கு இன்னொரு பாதி வேலை பாக்கி இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அந்தப் பாதி வேலையைச் செய்துகொண்டிருப்பவர்கள் சிலர் உண்டு. சென்னையில் 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சினேகா அமைப்பில், முன்பின் தெரியாதவர்களின் துயரத்தைக் காதுகொடுத்துக் கேட்பதற்கென்றே தன்னார்வலர்கள் போன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். தேர்வில் தவறியவன் ஒரு வருஷத்தை இழக்காமல் சில வாரங்களிலேயே திரும்ப எழுதும் துணைத் தேர்வு முறை தமிழ்நாட்டில் எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறது. அரசின் 104 என்ற உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். 2022-இலிருந்து 14416 என்ற எண்ணிலும் மனநல ஆலோசகர்கள் தமிழில் பேசுகிறார்கள். ப்ளஸ் டூ, நீட் முடிவுகள் வரும் சமயத்தில் ஆலோசகர்கள் தாங்களாகவே பிள்ளைகளை அழைத்துப் பேசும் ஏற்பாட்டையும் தமிழ்நாடு அரசு செய்திருக்கிறது. இதை நான் உள்ளும் புறமும் ஒன்றாகவே புகழ்கிறேன். பெற்றவர்களும் கற்பித்தவர்களும் கூடவே இருக்க, 'உனக்கு எப்படி இருக்கிறது?' என்று கேட்க ஓர் அரசாங்கம் தனியாக ஆள் நியமிக்கும்படி ஆனது எதனால் என்ற கேள்வி அந்தப் புகழ்ச்சிக்குள்ளேயே இருக்கிறது.

பள்ளிப் பதிவேட்டில் இருப்பது பெரும்பாலும் அப்பாவின் எண். ஆலோசகரின் அழைப்பு முதலில் அவர் கைக்குத்தான் வரும். "பையன் நல்லாத்தாம்மா இருக்கான், ஒரு குறையும் இல்ல" என்று அவரே சொல்லி முடித்துவிட முடியும். அவரிடம் நான் கேட்பது சின்ன விஷயம். நீட் தேர்வன்று இதே அப்பாக்கள் மையத்து வாசலில் மே மாத வெயிலில், காலையிலிருந்து சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும், தண்ணீர் பாட்டிலும் கர்சீப்புமாக நிற்கிறார்கள். 'உள்ளே வரவேண்டாம், இங்கேயே நில்லுங்கள்' என்று காவலர் சொன்னால் மறுபேச்சு பேசாமல் நிற்கிறார்கள். அப்படி நிற்கத் தெரிந்தவர், போனைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, அறைக்கதவைச் சாத்திவிட்டு, வாசல் திண்ணையில் ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம். பிள்ளை வெளியே வந்ததும் என்ன பேசினாய் என்று கேட்கவேண்டாம். அதுவாகச் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருக்கட்டும். கெமிஸ்ட்ரியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.